கன்றுக்குட்டிக் கணக்கும் கல்லூரிக் கணக்கும்



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். என்ஜினீயரிடம் போய் வரலாறு கேட்கிறார்களே என்று முதலில் தோன்றியது. ஆனால் கையில் ஒரு விஷயம் இருந்தது. நம் விலங்கியல் துறை மாணவர்கள் கால்நடை மன்றம் ஒன்று தொடங்கப் போகிறார்கள். பழைய மாணவர் சங்கம் பண உதவி செய்ய வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவில் 'பத்தாண்டுத் திட்டம்' என்றும், பிற மாநிலக் கல்லூரிகளையும் சேர்த்து 'அகில இந்திய அமைப்பு' என்றும் எழுதியிருந்தது. செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் பாஸ் பண்ணிப் போகிற பிள்ளைகளுக்குப் பத்து வருஷத் திட்டமா? கேள்வி நியாயமானதுதான். மனு கொண்டு வந்த பையனிடமே கேட்டேன். "நாங்க போனா என்ன அண்ணே, மாடு இருக்கும்லா?" என்றான். அவன் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு காளைக்கன்று பொலிகாளையாக ஒன்றரை வருஷம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். பிறந்த கிடாரி வளர்ந்து முதல் ஈற்றுக்கு வர ஏறக்குறைய மூன்று வருஷம். அது 305 நாள் கறந்த பாலை அளந்து எழுதினால்தான் அதன் தகப்பன் காளை நல்ல காளையா என்று தெரியும். கூட்டினால் ஆறு வருஷத்துக்கு மேல் வருகிறது. அதாவது இரண்டு செட் மாணவர்கள் வந்து போயிருப்பார்கள், ஒரே ஒரு காளையைப் பற்றிய தீர்ப்பு வருவதற்குள். கால்நடைக்குக் குறுகிய காலத் திட்டம் என்று ஒன்று கிடையாது.

இந்தச் சிக்கலை நம் மாவட்டமே ஒருமுறை சந்தித்திருக்கிறது. கோட்டாற்றிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில், மார்த்தாண்டத்தில். அப்போது இது திருவிதாங்கூர். நாம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைக் கிராமங்களுக்குத் திருப்பியவர் கே.டி. பால். அந்த வழியில் 1920களில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நல்ல இனக் கோழி, ஆடு, பொலிகாளை, தேனீப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து, ஊர்க்காரர்களைச் சிறு சிறு சங்கங்களாகச் சேர்த்தார். முட்டை விற்பதற்கென்றே ஒரு சங்கம்! ஊர்க்காரன் தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும், விவரம் தெரிந்தவன் பக்கத்தில் இருந்து யோசனை சொன்னால் போதும் என்பதுதான் அவருடைய கொள்கை. கோடைதோறும் அங்கே நடந்த பயிற்சிக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இந்த அனுபவங்களை 1932-லும் 1938-லும் இரண்டு புத்தகங்களாக ஹாட்ச் எழுதினார்.

1940 வாக்கில் அவர் போய்விட்டார். பிறகு என்ன நிலைத்தது? தேன் நிலைத்தது. 1930களிலேயே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னாட்டு இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பலர் தொழிலை விட்டார்கள். ஆனாலும் தப்பிய கூட்டங்களை வைத்து மறுபடியும் பெருக்கினார்கள். இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தப் பேர் வரவில்லை. காரணமாக எனக்குப் படுவது இதுதான்: தேனீக் கூட்டத்தை ஒரு பருவத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடலாம். பலன் கண்ணுக்குத் தெரியும், தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். மாட்டு விஷயத்தில் ஆறு வருஷம் யாராவது நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாணவர்களே தேசிய அளவில் நடத்தி நிலைத்த மன்றம் உண்டா என்றால், அமெரிக்காவில் உண்டு. 1919 டிசம்பர் 2-ல் அயோவா, கான்சாஸ், மிசௌரி, நெப்ராஸ்கா என்ற நான்கு மாநிலங்களின் கல்லூரிக் கால்நடை மன்றங்கள் சேர்ந்து 'பிளாக் அண்ட் பிரைடில்' என்று ஆரம்பித்தார்கள். இறைச்சி வெட்டும் கட்டையும் குதிரையின் கடிவாளமும். பேர் கொஞ்சம் முரடுதான்! நூறு வருஷம் தாண்டியும் நடக்கிறது. மாணவர் மாறினாலும் விதிமுறையும் பொறுப்பாசிரியரும் ஆண்டுக் கூட்டமும் மாறாமல் இருக்கின்றன. அவர்களும் நான்கு கல்லூரியில்தான் தொடங்கினார்கள் என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இன்னும் பக்கத்தில், மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கு வருவோம். வைக்கம் பக்கத்து வெச்சூர் கிராமத்துப் பசு சுமார் மூன்றடி உயரம். நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். கேரளத்தில் 1961-ல் வந்த கால்நடை மேம்பாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்க வேண்டியதாயிற்று. கலப்பினம் பெருகியது, பாலும் பெருகியது; வெச்சூர் பசு அழிவின் விளிம்புக்குப் போயிற்று. 1989-ல் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் கிராமம் கிராமமாகத் தேடி, கிடைத்த சில மாடுகளைக் கல்லூரிப் பண்ணைக்குக் கொண்டு வந்தார்கள். தேடிய மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். பேராசிரியை இருந்தார், பதிவேடு இருந்தது. 1998-ல் வெச்சூர் பாதுகாப்பு அறக்கட்டளை அமைந்தது. அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2022-ல். தேடப் புறப்பட்ட வருஷத்திலிருந்து எண்ணினால் முப்பத்து மூன்று வருஷம்!

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் மாட்டை வைத்து உழுத காலம் போய் டிராக்டர் வந்தாயிற்று. உழவு போன பிறகு தொழுவத்தில் என்ன மாடு நிற்கிறது, எந்தக் காளைக்குப் பிறந்தது என்று முறையாக எழுதி வைக்க ஆள் வேண்டும். அதை நம் பிள்ளைகள் செய்யட்டும். அகில இந்தியம் கொஞ்சம் பொறுத்து வரட்டும். முதலில் இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் மூன்று நான்கு சேர்ந்தால் போதும்.

என் யோசனை இவ்வளவுதான். எந்த மெஷினும் லாக் புக் இல்லாமல் ஓடுவதில்லை. ஷிப்டு மாறும்போது கையெழுத்துப் போட்டுத்தான் ஒப்படைப்போம். அதேபோல, மன்றத்தின் பதிவேட்டில் ஒரு பிரதி துறையிலும், ஒரு பிரதி நம் சங்கத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் போகிற செட், வருகிற செட்டிடம் ஒப்படைக்கும்போது சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கூட நிற்கட்டும். பணத்தை ஒரே தடவையில் கொடுக்காமல், ஆறு வருஷத்துக்குப் பிரித்துக் கொடுப்போம்.

முதல் வருஷம் ஐந்து வீட்டு மாடுகளை மட்டும் எழுதப் போவதாகச் சொல்கிறார்கள். வீட்டில் பசு வைத்திருக்கும் பழைய மாணவர்கள், சங்கமத்தன்று வரவேற்பு மேஜையில் வைத்திருக்கும் நோட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள். பசுவின் வயதும், எத்தனை ஈற்று என்பதும் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.