கோழி எருவும் கப்பல் கணக்கும்

கோழி எருவில் இருக்கும் சத்து எங்கிருந்து வருகிறது?

கோழியிலிருந்து என்று சொன்னீர்களானால் பாதி மார்க்தான். கோழி பாவம், சத்து எதையும் புதிதாகத் தயாரிப்பதில்லை. தின்கிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்பக்கம் தள்ளிவிடுகிறது. மக்காச்சோளத்திலும் சோயாப் பிண்ணாக்கிலும் இருந்த தழைச்சத்துதான் எருவாக வயலுக்குப் போகிறது. நான் படித்தது பி.காம். எங்கள் பாஷையில் இது வரவே அல்ல. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றி எழுதுவது. அவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு இரண்டு தீவுகள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் கியூபா. எண்பதுகளில் அங்கிருந்து சோவியத் யூனியனுக்குச் சர்க்கரை போகும். பதிலுக்கு பெட்ரோல், டிராக்டர், உரம், கோழித் தீவனம் எல்லாம் கப்பல் கப்பலாக வரும். வருஷத்துக்குச் சுமார் 13 லட்சம் டன் உரம் வந்திறங்கியது. 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. சில வருஷங்களுக்குள் உர வரத்து நாலில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் அமெரிக்காவில் வாங்கலாமென்றால் பொருளாதாரத் தடை. அந்த வருடங்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர், ‘சிறப்புக் காலம்’. பட்டினிக்கு இத்தனை கௌரவமான பெயரை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சரி, ரசாயன உரம் இல்லை. கோழி எருவைப் போட வேண்டியதுதானே?

எங்கே போவது? கோழிப் பண்ணைகள் நடந்துகொண்டிருந்ததே இறக்குமதித் தீவனத்தில். அதுவும் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. எரு எப்போது ரொம்பத் தேவைப்பட்டதோ, சரியாக அப்போது பார்த்துக் கொட்டகைகள் காலி.

கியூபாக்காரர்கள் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. மண்புழு உரம் தயாரித்தார்கள். சர்க்கரை ஆலைக் கழிவை மக்கவைத்தார்கள். தலைநகர் ஹவானாவில் காலி மனைகளில் தொட்டி மாதிரி பாத்தி கட்டிக் கீரையும் தக்காளியும் போட்டார்கள். நன்றாகவே விளைந்தது. உலகமே வந்து வேடிக்கை பார்த்தது. நியாயம்தான். ஆனால் வயிற்றை நிரப்பும் தானியத்துக்குக் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 2001 நவம்பரில் மிஷெல் சூறாவளி அடித்தது. அடுத்த மாதமே, பல்லாண்டுப் பகைக்கு நடுவில், அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளமும் உறையவைத்த கோழியும் வந்து இறங்கின. உறைந்த கோழியில் எரு கிடைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தீவு நமக்குப் பக்கத்து வீடு. கியூபாவுக்கு உரம் கிடைக்காமல் போனது. இலங்கையோ தானே கதவைச் சாத்திக்கொண்டது. பத்து வருடத்தில் படிப்படியாக இயற்கை விவசாயம் என்பது 2019-ல் கோத்தபய ராஜபக்ச கொடுத்த வாக்குறுதி. 2021 மே மாதம், ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. டாலர் தட்டுப்பாடு ஆரம்பித்திருந்த நேரம் அது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இலங்கையில் கோழி இருந்தது. எருவும் இருந்தது. நுவரெலியாவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்கள் மூட்டை மூட்டையாகக் கோழி எரு கொட்டிப் பழகியவர்கள். ஆனால் அது காய்கறித் தோட்டக் கணக்கு. நெல்லுக்கு வேறு கணக்கு. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. காய்ந்த கோழி எருவில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். ஆக, ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாகக் கிட்டத்தட்ட ஒரு டன் எரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்துக்குப் பயிரிடம் போய்ச் சேரும். மக்காத எருவை அவசரத்துக்குக் கொட்டினால் பயிர் கருகும். போதாக்குறைக்கு, பண்ணைகள் அதிகமிருப்பது மேற்கே குருநாகல், கம்பஹா பக்கம். நெல்வயல்கள் அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாறை. லாரி வாடகையை யார் கொடுப்பது?

பற்றாக்குறைக்குச் சீனாவிலிருந்து 20,000 டன் இயற்கை உரத்தோடு ஒரு கப்பல் வந்தது. மாதிரியில் பயிருக்கு ஆகாத பாக்டீரியா இருப்பதாகச் சொல்லித் திருப்பினார்கள். கம்பெனி மறுத்தது. வழக்கு, வாக்குவாதம் எல்லாம் முடிந்து, 2022 ஜனவரியில் இலங்கை அழுத பணம் 67 லட்சம் டாலர். இறங்காத உரத்துக்கு!

2021 நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் உரம் வாங்க டாலர் இல்லை. அந்த மகா போகத்தில் (அதுதான் அங்கே பெரிய போகம்) நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது.

கோழிகளைக் கேட்க மறந்துவிட்டோமே. உரமில்லாமல் மக்காச்சோளமும் படுத்துவிட்டது. வெளியிலிருந்து தீவனம் வாங்கவும் வழியில்லை. பண்ணைக்காரர்கள் கோழிகளைக் குறைத்தார்கள். 2023 மார்ச்சில், முட்டையில் தன்னிறைவு கண்டிருந்த இலங்கைக்கு, இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை போனது.