மங்குஸ்தானில் மாங்காய் இல்லை

மங்குஸ்தான் என்ற பெயருக்குள் ஒரு மாங்காய் ஒளிந்திருப்பதாகவே காதுக்குப் படுகிறது. ஆங்கிலம் வழி வந்த ‘மேங்கோஸ்டீன்’ என்ற வடிவத்தைக் கேட்டால் இந்த மயக்கம் இன்னும் கூடும். உண்மையில் மாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மா முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மங்குஸ்தானோ கேரளத்தில் மீன்குழம்புக்குப் போடும் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் கார்சீனியா என்ற ஒரே பேரினம்.

பெயர்களும் எதிரெதிர்த் திசையில் போனவை. நம் மாங்காய் மலாய்க்காரர்களிடம் ‘மங்கா’ ஆயிற்று, போர்ச்சுக்கீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ என்று நின்றது. மங்குஸ்தானின் பெயர் மலாய் நாட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. இன்றைய மலாயில் அது ‘மங்கிஸ்’. பழைய அகராதிகள் ‘மங்குஸ்தா’, ‘மங்கிஸ்தான்’ என்ற வடிவங்களையும் தருகின்றன. மரத்தின் தாயகமும் அந்த வட்டாரம்தான்.

1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்ட்டாவின் மருந்துநூலில் இந்தப் பழத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. அந்தப் பகுதிகளின் மிக இனிய பழங்களில் ஒன்று என்று அவர் எழுதுகிறார். ஆனால் தாம் கேள்விப்பட்டதாகவே எழுதுகிறார். மேற்குக் கரைக்குப் பழத்தைவிடப் புகழ் முந்தி வந்திருக்கிறது. 1753இல் லின்னேயஸ் அந்தப் பெயரையே லத்தீனாக்கி ‘கார்சீனியா மங்கொஸ்தானா’ என்று பதிவு செய்தார். முன்பாதி, டச்சுக் கம்பெனியில் மருத்துவராக இருந்து இம்மரத்தை விவரித்த லாரன்ட் கார்சினின் நினைவாக வைத்தது.

பெயர் முந்தியதற்கும் மரம் பிந்தியதற்கும் காரணம் விதையில் இருக்கிறது. நெல், மிளகு போல இதைக் காயவைத்துக் கப்பலேற்ற முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். சுளையிலிருந்து எடுத்த விதையைச் சில நாட்களுக்குள் மண்ணில் போட வேண்டும். முளைத்த பிறகும் வேரில் வேர்த்தூவிகள் இல்லாததால் நீரை உறிஞ்சும் வலிமை குறைவு. ஆணிவேர் நீளமாக இறங்குவதால் இடம் மாற்றும்போது சிறு காயம் பட்டாலும் கன்று சுணங்கும். முதல் சில ஆண்டுகள் நிழல் கட்டாயம். விதைக்கன்று காய்க்க எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை ஆகும். இங்கிலாந்தின் சயான் மாளிகைக் கண்ணாடி வீட்டில் இது 1855இல் காய்த்தது பெரிய செய்தியானதில் வியப்பில்லை.

‘விதை’ என்ற சொல்லே இந்த மரத்துக்கு முழுக்கப் பொருந்தாது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவது அது. அதனால் அதிலிருந்து வரும் கன்று தாயையே உரித்துவைத்திருக்கும். மாவில் கொட்டை போட்டு முளைத்த கன்றைத் தோட்டக்காரர்கள் நம்ப மாட்டார்கள், இதில் நம்பலாம். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும் என்பதற்காக வாங்குபவர்கள் உண்டு. நிலமும் பொறுமையும் இருப்பவர்களுக்கு விதைக்கன்றே நல்லது என்பேன். மரம் ஓங்கி வளரும்.

தமிழகத்தில் இது வேரூன்றிய இடங்கள் சில மட்டுமே. குன்னூர் மலைப்பாதையில் 1871இல் தொடங்கிய பர்லியாறு பண்ணையும் அதற்குக் கீழே 1900இல் வந்த கல்லாறு பண்ணையும் முதலில் சொல்ல வேண்டியவை. தெற்கே குற்றாலம். எல்லாம் மலையடிவார ஈரம் உள்ள இடங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,270 மில்லிமீட்டர் மழையாவது வேண்டும், அதுவும் நீண்ட வறட்சி இல்லாமல். வெப்பம் 38 டிகிரியைத் தாண்டினாலும் தாங்காது, 5 டிகிரிக்குக் கீழே போனாலும் தாங்காது.

இந்தக் கணக்கைப் பாலக்காட்டு எல்லையில் வைத்துப் பார்க்கலாம். மலைத்தொடர் விட்டுக்கொடுத்த கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வறண்ட கிழக்குக் காற்று வீசுகிறது. கோடையில் 40 டிகிரியும் தொடுகிறது. சித்தூர்ப் பக்கத்துச் சமவெளியில் கன்று வைப்பவர் தென்னை நிழலும் தடித்த மூடாக்கும் சொட்டுநீரும் தராமல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. மேற்கே மண்ணார்க்காட்டுப் பக்கம் மழை கூடுதல், மரத்துக்கும் எளிது. இடுக்கியில் சிக்கல் வேறு. மூணாறின் குளிர் இதற்கு ஆகாது. தொடுபுழை போன்ற தாழ்ந்த சரிவுகள்தான் ஏற்றவை. குமுளியிலிருந்து மலையிறங்கிக் கம்பத்துக்கு வந்தால் மழைமறைவு நிலம். அங்கே திராட்சை செழிக்கிறது. மங்குஸ்தானுக்கு அங்கே இடமில்லை. சோதனைச்சாவடியைப் பழம் தாண்டுகிறது, மரம் தாண்டுவதில்லை.

பெயர் மட்டும் இரு வடிவமாக இந்த எல்லையில் சந்திக்கிறது. மலையாளத்தில் ஆங்கிலச் சாயல் கொண்ட ‘மாங்கோஸ்டீன்’. பேப்பூரில் வைக்கம் முகம்மது பஷீர் சாய்வு நாற்காலி போட்டு, கிராமபோனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மரம் கேரளம் முழுக்க அந்தப் பெயரால்தான் தெரியும். தமிழில் ‘மங்குஸ்தான்’ நிலைத்தது. ‘ஸ்தான்’ என்ற முடிவு பழைய மலாய் வடிவத்தை அப்படியே வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் வாய்க்குப் போகாமல் துறைமுகம் வழியாக நேராக வந்த சொல் இது என்பது என் துணிபு.

ரப்பர் விலை விழுந்த பின் கேரளத்தில் பலர் ரம்புட்டானோடு இதையும் நடுகிறார்கள். அங்குள்ள நர்சரிகளில் ‘தை’ என்று கேட்டு வாங்கும் நாற்றை இங்கே ‘கன்று’ என்கிறோம். கோவையிலும் தேனியிலும் பழக்கடைப் பலகைகளில் இப்போது ‘மேங்கோஸ்டீன்’ தலைகாட்டுகிறது. எழுதுபவர்கள் மங்குஸ்தான் என்றே எழுதட்டும். ‘மேங்கோ’வை உள்ளே நுழைத்த வடிவம் பழத்தின் குலத்தையும் தவறாகச் சொல்கிறது, அது வந்த வழியையும் மறைக்கிறது.