ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள்: பெற்றோர் அறிய வேண்டிய சொற்கள்

ஜிம்மில் சேர்ந்த சில நாட்களிலேயே பிள்ளைகளின் பேச்சில் புதிய சொற்கள் வந்துவிடுகின்றன. பொருள் புரியாததால் சில பெற்றோர் எல்லாவற்றையும் தடுக்கிறார்கள்; சிலர் எதுவும் கேட்காமல் பணம் கொடுத்துவிடுகிறார்கள். உணவு எது, மருந்து எது என்று பிரித்தறிய இந்த அடிப்படைச் சொற்கள் உதவும்.

பயிற்சி

ரெப்: ஒரு பயிற்சியை ஒருமுறை முழுமையாகச் செய்வது.

செட்: இடையில் நிறுத்தாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு. '3 செட், 10 ரெப்' என்றால் பத்துப் பத்தாக மூன்று தடவை; நடுவில் ஓய்வு.

கார்டியோ: வேக நடை, ஓட்டம், நீச்சல் போன்று இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் பயிற்சி.

தசைகள்

பைசெப்ஸ்: மேற்கையின் முன்புறத் தசை. முழங்கையை மடக்க உதவும்.

டிரைசெப்ஸ்: மேற்கையின் பின்புறத் தசை. முழங்கையை நீட்ட உதவும்.

குவாட்ரிசெப்ஸ், ஹாம்ஸ்ட்ரிங்: முறையே தொடையின் முன்புற, பின்புறத் தசைகள்.

உணவு

கலோரி: உணவு தரும் ஆற்றலின் அளவு. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, கொழுப்பில் 9.

புரோட்டீன்: தசையை வளர்க்கும், பழுதுபார்க்கும் சத்து. சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் தேவை. கடும் பயிற்சி செய்வோருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு.

வே புரோட்டீன்: சீஸ் தயாரிக்கும்போது பாலிலிருந்து பிரியும் நீரில் எடுக்கப்படும் புரதப் பொடி. இது ஸ்டீராய்டு அல்ல. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஜெலட்டின்: விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. பல சத்து மாத்திரைகளின் கேப்ஸ்யூல் உறை இதனால் ஆனது. பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதால் லேபிளில் மூலத்தையும் ஹலால் குறிப்பையும் பாருங்கள்.

மருந்து

அனபாலிக் ஸ்டீராய்டு: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் போலச் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. மாத்திரையாகவும் ஊசியாகவும் வருகிறது. உடலைப் பெருக்க இதை எடுத்தால் இதயமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். விந்தணு குறைந்து குழந்தைப்பேறும் தடைப்படலாம். திடீரென உடல் பெருப்பது, கடுமையான முகப்பரு, ஆண்களுக்கு மார்பு வீங்குவது, அடங்காத கோபம் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

கார்டிகோஸ்டீராய்டு: ஆஸ்துமா இன்ஹேலர் முதலியவற்றில் மருத்துவர் தருவது. இது தசையை வளர்க்காது. 'ஸ்டீராய்டு' என்ற பெயருக்குப் பயந்து இதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

லேபிள் இல்லாத பொடியோ, ஜிம்மில் போடும் ஊசியோ வீட்டுக்குத் தெரியவந்தால், திட்டுவதற்கு முன் பெயரைக் கேளுங்கள். அதைக் குறித்துக்கொண்டு பிள்ளையுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.