ஆதரவாளர் சமூகமும் ஆட்ட மூலதனமும்: ஆங்கில உதைபந்தாட்ட வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

விளையாட்டு ரசிகர் கூட்டத்தைப் பற்றிப் பேசவரும் முற்போக்காளர் பலர், அதனைத் தொழிலாளி வர்க்கத்தின் போராட்ட உணர்வை மழுங்கடிக்கும் போதை என்று கூறி அமைந்துவிடுவர். முதலாளித்துவப் பத்திரிகைகளோ அதே கூட்டத்தை ஒருநாள் காடையர் என்றும் மறுநாள் வாடிக்கையாளர் என்றும் வருணிக்கும். இவ்விரு நோக்குகளும் காணத் தவறுவது ஒன்றுண்டு. ரசிகர் கூட்டம் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. பாட்டையும் நையாண்டியையும் ஏட்டையும் அமைப்பையும் அது ஆக்குகின்றது. அவ்வாக்கங்கள் யாருக்கு உரியன என்னும் வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வரலாறு இவ்வினாவுக்கு வளமான சான்றுகளைத் தருகின்றது.

1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களினதும் இளைஞரினதும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியுடன் முடிக்குமாறு விதித்தது. காலப்போக்கிற் பிற தொழில்களுக்கும் பரவிய இவ்வரைநாள் ஓய்வு, தொழிலாளர் நெடுங்காலம் போராடிப் பெற்றதாகும். அந்த ஓய்விலேயே ஆட்டமும் அதனைச் சூழ்ந்த கூட்டமும் வளர்ந்தன. இன்று மான்செஸ்ரர் யுனைற்றெட் எனப்படுவது 1878 இல் நியூற்றன் ஹீத் புகையிரதப் பெட்டித் தொழிலாளர் அமைத்த கழகம். ஆர்சனல் 1886 இல் வூலிச் ஆயுதத் தொழிற்சாலையிற் பிறந்தது. வெஸ்ற் ஹாமின் முன்னோடி 1895 இல் தேம்ஸ் கப்பற் பட்டறையில் உருவாயிற்று. பெயர்களைத் துருவினாலே தொழிற்சாலைச் சங்கொலி கேட்கும்.

இக்கூட்டத்தின் ஆக்கங்களுள் இலக்கிய மாணவர் கருத்தூன்றிக் கவனிக்கவேண்டியது அதன் பாட்டு மரபாகும். லிவர்பூல் கழகத்தின் புகழ்பெற்ற நிற்கைமேடையான 'கொப்' 1906 இற் கட்டப்பட்டது. 1900 ஜனவரியில் லங்காஷயர் படையினர் பலர் மடிந்த தென்னாபிரிக்கக் குன்றாகிய ஸ்பியோன் கொப்பின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஏகாதிபத்தியப் போரில் பிள்ளைகளைப் பலிகொடுத்த நகரம், தன் ஆட்டமேடைக்கு அக்களத்தின் பெயரையே சூட்டிக்கொண்ட முரண் சிந்திக்கற்பாலது. 1960 களில் இம்மேடை பாடத் தொடங்கியது. அதன் தலையாய பாடல் 1945 இல் நியூயோர்க் இசைநாடகமொன்றுக்கு எழுதப்பட்டு, 1963 இல் லிவர்பூல் இசைக்குழுவொன்றால் இசைத்தட்டாக வெளியிடப்பட்டது. சந்தைக்கென ஆக்கப்பட்ட பாடலொன்றைக் கூட்டம் தன் வாய்மொழிக்குள் இழுத்துக்கொண்டது. ஏனைய பாட்டுக்களோ தேவாலயக் கீதங்களினதும் சினிமாப் பாடல்களினதும் மெட்டில் அன்றைய ஆட்டத்துக்கேற்பச் சொற்கட்டப்பட்டவை. ஆசிரியர் பெயர் இல்லை. எழுத்துப் பிரதி இல்லை. சுருங்கிய வாய்பாடுகள் மீளமீள வரும். நாட்டார் பாடலுக்குரிய இலக்கணங்கள் கைத்தொழில் நகரமொன்றின் நடுவே உயிருடன் இயங்குவதை இங்கு காண்கிறோம்.

எனினும் இம்மரபை இலட்சியப்படுத்துதல் தவறாகும். அதே மேடைகளிலிருந்தே 1970 களிலும் 1980 களிலும் கறுப்பின ஆட்டக்காரர்மீது வாழைப்பழங்கள் வீசப்பட்டன. தேசிய முன்னணி என்னும் பாசிசக் கட்சி மைதான வாயில்களில் இளைஞரைத் திரட்டியது. வேலையின்மையால் நொந்த வர்க்கத்தின் சினம் எத்திசையிலும் திரும்பக்கூடும். லீட்ஸ் நகரில் அதனை எதிர்த்து ஏடு வெளியிட்டு வாயிலில் நின்று பரப்பியவரும் ரசிகரே என்பதை மறத்தலாகாது.

இவ்வேடுகள் தனிக் கவனத்துக்குரியன. 1972 முதல் 1976 வரை 'ஃபவுல்' என்னும் அங்கத ஏடு வெளிவந்தது. 1985 மே மாதம் பிரட்ஃபோர்ட் தீ 56 உயிர்களையும் ஹெய்சல் அனர்த்தம் 39 உயிர்களையும் பலிகொண்டன. அவ்வாண்டு ஞாயிறு ஏடொன்று உதைபந்தாட்டத்தைச் சேரிமக்களின் ஆட்டமென இகழ்ந்தது. அதே ஆண்டு ஆதரவாளர் சங்கமொன்று லிவர்பூலில் தோன்றியது. 1986 இல் 'வென் சற்றர்டே கம்ஸ்' வெளிவரலாயிற்று. தட்டச்சும் படியெடுக்கும் பொறியும் கையில் இருந்தமையால் கழகந்தோறும் இத்தகைய ஏடுகள் முளைத்தன. கழக நிருவாகமும் வணிகப் பத்திரிகையும் ரசிகனுக்காகப் பேசிய நிலை போய், ரசிகன் தானே பேசும் நிலை வந்தது.

அக்குரலின் அவசியம் 1989 ஏப்ரல் 15 இல் வெளிப்பட்டது. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ மைதானத்தில் ஏற்கனவே நிறைந்திருந்த கூண்டுகளை நோக்கிப் பொலிசார் வெளிவாயிலைத் திறந்துவிட்டனர். நெரிசலில் இறந்தோர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. ரசிகரே வாயிலை உடைத்தனர் எனப் பொலிஸ் பொறுப்பதிகாரி பொய்யுரைத்தார். நான்கு நாட்களின் பின் 'சன்' பத்திரிகை, ரசிகர் பிணங்களிடம் திருடினர் என்று முதற்பக்கத்தில் அச்சிட்டது. லிவர்பூல் மக்கள் அப்பத்திரிகையை வாங்குவதை நிறுத்தினர். அப்பகிஷ்கரிப்பு ஒரு தலைமுறையையும் தாண்டி நீடித்தது. அரசின் குற்றம் சட்டப்படி வெளிப்பட 27 ஆண்டுகள் சென்றன. 2016 இற் யூரிகள் மரணங்களைச் சட்டவிரோதக் கொலையென்றும் ரசிகர்மீது தவறில்லையென்றும் தீர்த்தனர். அந்நீண்ட காலம் முழுவதும் வழக்கை உயிருடன் வைத்திருந்தவர்கள் இறந்தோரின் குடும்பத்தினரும் அவர்களைச் சூழ்ந்து நின்ற ஆதரவாளர் சமூகமுமே.

துயரத்தின் பின் மூலதனம் விரைந்து செயற்பட்டது. இருக்கைகளைப் பரிந்துரைத்த நீதியரசர் ரெயிலர், அதனாற் கட்டணம் பெருமளவு உயரவேண்டியதில்லை என்றே கருதினார். நடந்தது வேறு. டொற்றன்ஹாம் 1983 இலேயே பங்குச் சந்தையில் நுழைந்திருந்தது. 1992 இல் முதற்பிரிவுக் கழகங்கள் பிரிந்து பிறீமியர் லீக்கை அமைத்துச் செய்மதித் தொலைக்காட்சியுடன் உடன்படிக்கை செய்தன. 1994 இல் கொப் மேடையும் இருக்கை மேடையாக மாற வழிவிட்டது. நுழைவுச் சீட்டின் விலை தொழிலாளி இளைஞனை வெளியே தள்ளியது. ஆனால் அவன் ஆக்கிய பாட்டும் ஆரவாரமும் தொலைக்காட்சியிற் பண்டமாக விற்கப்பட்டன. கூலியின்றி உழைத்தவன், தன் உழைப்பின் பயனைப் பணங்கொடுத்துப் பார்க்கும் நிலைக்கு ஆளானான். அந்நியமாதல் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

எதிர்ப்பும் வடிவம் மாறியது. 2005 இல் கிளேசர் குடும்பம் பெருங்கடனில் மான்செஸ்ரர் யுனைற்றெட்டை வாங்கி, அக்கடனைக் கழகத்தின்மீதே சுமத்தியபோது, ரசிகரில் ஒரு பகுதியினர் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற விதியில் எஃப். சி. யுனைற்றெட் என்னும் புதிய கழகத்தை நிறுவினர். 2021 ஏப்ரல் 18 இல் அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய 'சுப்பர் லீக்' திட்டத்திலிருந்து ஆறு ஆங்கிலக் கழகங்களும் இரு நாட்களில் விலகியமைக்கு வீதியில் இறங்கிய ரசிகரும் காரணராவர். கூட்டுறவுக் கழகங்கள் சந்தைக்கு வெளியே வாழ்வன என நாம் கொள்ளவில்லை. அவையும் வாடகை, கூலி, கடன் என்னும் நியதிகளுக்கு உட்பட்டனவே.

விம்பிள்டன் இதற்குச் சான்று. 2002 மே மாதம் அக்கழகத்தை மில்ற்றன் கீன்ஸ் நகருக்கு எடுத்துச்செல்ல ஆணைக்குழுவொன்று அனுமதித்தது. சில வாரங்களுள் ரசிகர் ஏ. எஃப். சி. விம்பிள்டனை அமைத்து, ஒன்பதாம் படியிலிருந்து ஆடத் தொடங்கினர். 2011 இல் உதைபந்தாட்ட லீக்கிற்குள் (ஃபுட்போல் லீக்) ஏறினர். பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் வீதியிற் புதியது எழுப்புகையில் பணம் போதாமற்போகவே, வெளி முதலீட்டாளரை நாடாது கடன்பத்திரம் வெளியிட்டுத் தம்மிடையேயிருந்து 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினர். முதலாட்டம் 2020 நவம்பர் 3 இல் நடந்தது. தொற்றுநோய்க் கட்டுப்பாடு காரணமாக, அம்மைதானத்தைக் கட்டியவர்களுள் எவரும் அன்று உள்ளே சென்று பார்க்க அனுமதிக்கப்படவில்லை.