குர்துபா வழியாக மச்சு பிச்சுவுக்கு

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் தெற்கே, ஆந்திஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், உருபம்பா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் ஒரு மலைமுகட்டில் மச்சு பிச்சு அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 2,430 மீட்டர். 1983-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனையும், இன்காக்களின் தலைநகரான குஸ்கோவையும் உலக மரபுச் செல்வங்களாக அறிவித்தது. நம்மவர்களிலும் அதனைக் கண்டுவர விரும்புவோர் உண்டு. எந்த விமானத்தில் செல்வது, எங்கே தங்குவது என்பவற்றை விளக்கும் வழிகாட்டி நூல்களுக்குப் பஞ்சமில்லை. எந்த வரலாற்றை மனத்தில் கொண்டு செல்வது என்பதே அவற்றில் காணக் கிடைக்காத செய்தி. இன்கா வரலாற்றை முதலில் எழுதியவர்கள் எந்தக் கண்கொண்டு அம்மக்களைப் பார்த்தார்கள் என்பதை அறியாமல் அங்குச் செல்பவர் பாதியையே காண்பார் என்பது நமது கருத்து. அந்தக் கண் அந்தலுஸில் பழக்கப்பட்ட கண் என்பதால், இவ்விஷயம் நமக்கு அந்நியமானதும் அன்று.

முதலில் மச்சு பிச்சுவைப் பற்றிய சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அது ‘காணாமற்போன நகரம்’ என்று இன்றும் எழுதப்படுகிறது. உண்மையில் அது நகரமும் அன்று, காணாமற்போகவும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் குஸ்கோவின் சிற்றரசைப் பேரரசாக விரிவாக்கிய பச்சகுத்தி என்னும் இன்கா மன்னர், தமக்கும் தம் குடும்பத்தாருக்குமாக அமைத்துக்கொண்ட மலையக மாளிகைத் தோட்டமே அது. 1568-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்பானிய நில ஆவணம் ஒன்று, அப்பள்ளத்தாக்கின் நிலங்கள் பச்சகுத்திக்கு உரியவையாக இருந்ததைக் காட்டுகிறது. அங்குப் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 1420 முதல் 1530 வரை அங்கு மக்கள் வாழ்ந்தனர் எனக் கூறுகிறது. 2023-இல் வெளியான மரபணு ஆய்வு இன்னும் சுவையானது. அங்கு அடக்கம் செய்யப்பட்ட 34 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அவர்கள் பேரரசின் பல மூலைகளிலிருந்தும், அமேசான் காட்டுப் பகுதியிலிருந்துங்கூட வந்தவர்கள் எனத் தெரியவந்தது. மன்னரின் ஏவலராக வெவ்வேறு நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு, அந்த மலையிலேயே வாழ்ந்து மறைந்தவர்கள் அவர்கள். இன்று நாம் வியந்து நோக்கும் மதில்களுக்குள் விளக்கேற்றியவர்களும் நீர் சுமந்தவர்களும் இவர்களே.

1911-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிராம் பிங்காம் இவ்விடத்தைக் ‘கண்டுபிடித்தார்’ என்பது பாடநூல்களில் உள்ள வாசகம். அவருக்கு வழி சொன்னவர் மெல்ச்சோர் அர்த்தேகா என்னும் அப்பகுதி விவசாயி. மேலே ஏறியபோது இன்காக்களின் படிநிலங்களில் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அவர்கள் வீட்டுச் சிறுவன் ஒருவனே பிங்காமுக்கு இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். ஒரு சுவரில் அகுஸ்தின் லிசாரகா என்னும் உள்ளூர்வாசி 1902 என்ற ஆண்டுடன் தம் பெயரை முன்னரே எழுதிவைத்திருந்தார். அறிவுலகத்திற்கு அதனை அறிமுகம் செய்த பெருமை பிங்காமுக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், இன்காக்களின் இறுதிப் புகலிடமாகிய வில்கபம்பா இதுவே என அவர் கடைசிவரை நம்பியது பிழையாயிற்று. அது இன்னும் தொலைவில், எஸ்பிரித்து பம்பா என்னும் காட்டுப் பகுதியில் இருந்தது என்பதே இன்று ஆய்வாளர் ஏற்பது. ‘மச்சு பிச்சு’ என்ற பெயருங்கூட அருகிலுள்ள மலையின் பெயர். பழைய ஆவணங்களை ஆராய்ந்த அறிஞர்கள், இன்காக்கள் இதனை வைனா பிச்சு என அழைத்திருக்கலாம் என 2021-இல் எழுதினர்.

இங்கிருந்து பிங்காம் குழுவினர் எடுத்துச் சென்ற தொல்பொருள்கள் யேல் பல்கலைக்கழகத்தில் நூறாண்டு காலம் இருந்தன. பெரு அரசு நெடுநாள் வழக்காடி, 2010-இல் உடன்பாடு கண்டு, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அவற்றைத் திரும்பப் பெற்றது. அவை இப்போது குஸ்கோவில் காசா கொஞ்சா என்னும் பழைய மாளிகையில் உள்ளன. மச்சு பிச்சுவுக்குச் செல்லும் கூட்டத்தில் மிகச் சிலரே அங்கு நுழைகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

இன்காக்களிடம் இரும்பு இல்லை. வண்டிச் சக்கரம் இல்லை. நாம் அறிந்த பொருளில் எழுத்தும் இல்லை. முடிச்சுகள் இட்ட கயிறுகளாகிய ‘கிபு’வில் கணக்குகளையும், ஒருவேளை வரலாற்றுச் செய்திகளையும், பதிந்து வைத்தனர். ஆயினும் ஆண்டிற்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு குறுகிய முகட்டில், ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் சரியாத சுவர்களை எழுப்பினர். அதன் மர்மம் மண்ணுக்கடியில் உள்ளது. படிநிலங்களின் கீழே பெருங்கற்கள், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றிற்கும் மேலே வளமான மண் என அடுக்கி, மழைநீர் தேங்காமல் வடிய வழி செய்தனர். சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிகால் துளைகள் உள்ளன. மலைச்சரிவில் ஊறும் ஓர் ஊற்றின் நீரை ஏறத்தாழ 750 மீட்டர் நீளக் கல்வாய்க்கால் வழியே கொணர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த பதினாறு நீர்த்தாரைகளில் விழச் செய்தனர். வேற்றுக் கிரகத்தார் கட்டியது என்று கதை கட்டுவோர் இந்த வடிகால்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

இவ்வளவும் சிதையாமல் நமக்குக் கிட்டியதன் காரணம் எளிது: ஸ்பானியர் அங்குக் குடியேறவில்லை. பேரரசு வீழ்ந்ததும் மாளிகையைப் பராமரிப்பாரின்றிப் போயிற்று, காடு மூடிற்று. குஸ்கோவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அங்கே கொரிகாஞ்சா என்னும் சூரியக் கோயிலின் தங்கத் தகடுகள் 1533-இல் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதன் சுவர்களின்மேலேயே தொமினிக்கன் துறவியரின் மடம் எழுந்தது. 1950-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மடத்தின் பகுதிகள் இடிந்து விழ, உள்ளிருந்த இன்காச் சுவர்கள் அசையாது நின்று வெளிப்பட்டன. குர்துபாவின் பெரும் பள்ளிவாசலைப் பற்றிப் படித்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. 1236-இல் கிறிஸ்தவ ஆலயமாக்கப்பட்ட அப்பள்ளியின் நடுவே, 1523-இல் தூண்களைப் பெயர்த்துப் பேராலயக் கூடம் எழுப்பத் தொடங்கினர். அப்பணி தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகும்போது கொரிகாஞ்சாவின் தங்கம் பெயர்க்கப்பட்டது. இரண்டும் ஒரே அரசின் கீழ் நடந்தவை.

கர்னாத்தா ஹிஜ்ரி 897-இல், அதாவது 1492-ஆம் ஆண்டு ஜனவரியில் வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கால் வைத்தார். அதன்பின் கடல் கடந்து சென்றவர்கள் அந்தலுஸியப் போர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். எனவே புதிய நாட்டில் கண்டவற்றுக்குப் பழைய பெயர்களையே இட்டனர். மெக்சிகோவின் கோயில்களைக் கோர்த்தேஸ் தம் மன்னருக்கு எழுதிய மடல்களில் ‘மெஸ்கித்தா’ என்றே குறிக்கிறார். 1532 நவம்பர் 16-ஆம் நாள், 168 ஸ்பானியர் கஹமார்க்கா நகரில் இன்கா மன்னர் அத்தவால்பாவைச் சிறைப்பிடித்தனர். அப்படைக்குத் தலைமை தாங்கிய பிசாரோவின் செயலாளர் பிரான்சிஸ்கோ தெ ஹெரெஸ், 1534-இல் இஷ்பீலியாவில் அச்சிட்ட நூலிலும் இன்காக்களின் வழிபாட்டிடங்கள் ‘மெஸ்கித்தா’க்களே. அச்சொல் ‘மஸ்ஜித்’ என்பதன் ஸ்பானிய வடிவம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொழுகையை அறியாத ஒரு மக்கள் கூட்டத்தின் சூரியக் கோயில், வென்றவரின் ஏட்டில் மஸ்ஜிதாகிவிட்டது. அச்சொல்லை அறியாமை என்று மட்டும் கொள்வது சரியன்று. அங்கிருந்தவற்றை என்ன செய்யலாம் என்ற முடிவும் அதனுள்ளே அடங்கியிருந்தது எனக் கருதுகிறோம்.

இதற்குக் கண்ணால் காணும் சான்று குஸ்கோவிலேயே உண்டு. அந்தலுஸியப் போர்களில் வெள்ளைக் குதிரையேறித் தோன்றி மூர்களை வெட்டியதாக ஸ்பானியர் நம்பிய புனித சந்தியாகு, 1536-இல் மங்கோ இன்கா குஸ்கோவை முற்றுகையிட்டபோதும் தோன்றினார் என்று அவர்கள் கூறினர். அந்த நினைவைப் போற்றும் எல் திரியுன்போ ஆலயம் நகரின் பெருஞ்சதுக்கத்தில் பேராலயத்தை ஒட்டி நிற்கிறது. குஸ்கோ ஓவிய மரபில் சந்தியாகுவின் படங்கள் பல. ஓவியர்கள் குதிரையை மாற்றவில்லை, வாளை மாற்றவில்லை, குதிரைக் குளம்பின் கீழே கிடந்த மூரை மட்டும் அகற்றிவிட்டு அங்கே ஓர் இன்கா வீரனை வரைந்தனர்.

இங்கே ஒருவரை அறிமுகம் செய்தாக வேண்டும். 1539-இல் குஸ்கோவில், ஸ்பானியத் தளபதி ஒருவருக்கும் சிம்பு ஒக்லோ என்னும் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் பிறந்தவர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. அவருடைய தாயின் பாட்டனார் துபாக் இன்கா யுபாங்கி. அவருடைய தந்தையே மச்சு பிச்சுவை எழுப்பிய பச்சகுத்தி. 1560-இல் ஸ்பெயினுக்குச் சென்ற கார்சிலாசோ தாயகம் திரும்பவே இல்லை. மொந்தில்லாவிலும் பின்னர் குர்துபாவிலும் வாழ்ந்து, தாய்வழி உறவினரிடம் இளமையில் கேட்டவற்றைத் திரட்டி, ‘கொமெந்தாரியோஸ் ரெயாலெஸ்’ என்னும் இன்கா வரலாற்றை 1609-இல் லிஸ்பனில் அச்சிட்டார். ஸ்பெயினில் எஞ்சியிருந்த மொரிஸ்கோ முஸ்லிம்களை நாடு கடத்தும் ஆணை பிறந்ததும் அதே 1609-இல்தான்.

தோற்ற இனத்தின் மகன் தோற்ற இன்னோர் இனத்தின் நகரில் அமர்ந்து எழுதினான் என்று உருகிப் பேசிவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு வசதியானதன்று. அல்புஹாரா மலைகளில் மொரிஸ்கோக்கள் 1568-இல் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்கச் சென்ற ஸ்பானியப் படையில் தளபதியாகப் பணியாற்றியவர் இதே கார்சிலாசோ. குஸ்கோ முற்றுகையில் சந்தியாகு தோன்றிய கதையையும் அவர் பக்தியுடனேயே எழுதுகிறார். இன்காக்களை நாகரிகத்தின் ஆசான்களாகவும் கிறிஸ்தவத்திற்கு வழி சமைத்தவர்களாகவும் காட்டும் ஆர்வத்தில், அவர்களிடையே இருந்த நரபலியை மறைத்தார் என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. இவ்வளவு குறைகளுக்கும் அப்பால், இன்காக்களை உள்ளிருந்து பேசும் குரல்களில் அவருடையது தலையாயது. 1780-இல் துபாக் அமாருவின் பெயர் தாங்கிய பெருங்கிளர்ச்சி நடந்து அடக்கப்பட்டபின், 1782-இல் ஸ்பானிய அரசு அவருடைய நூலைப் பெருவில் தடை செய்தது. ஒரு நூலின் வலிமைக்கு அதனை எழுதியவனின் பகைவர் தரும் சான்றிதழ் இது. கார்சிலாசோ 1616-இல் மறைந்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம், குர்துபாப் பள்ளிவாசலாயிருந்த பேராலயத்தின் ஒரு சிற்றறை.

இடையே ஒரு சொல். கொலம்பஸுக்கு முன்பே முஸ்லிம்கள் அமெரிக்கா சென்றனர், இன்காக்களிடம் நம் தடயங்கள் உள்ளன என்றெல்லாம் நம் ஏடுகளிலும் அவ்வப்போது எழுதப்படுகின்றன. ஏற்கத்தக்க தொல்லியல் சான்று எதுவும் இதற்கு இல்லை. இல்லாததைத் தேடுவதைவிட இருப்பதைக் கவனிப்பது மேல். மச்சு பிச்சுவின் வழிகாட்டி வாய்க்காலைக் காட்டி ‘அசேக்கியா’ என்பார். அது அரபியின் ‘அஸ்-ஸாக்கியா’. மலைக்கிராமங்களின் தலைவர் ‘அல்கால்தே’, அது ‘அல்-காழீ’. லிமாவில் பிரான்சிஸ்கன் மடத்தின் மாடிப்படிக்கு மேலுள்ள மரவிதானம் முதெஹர் கலைப்பாணியைச் சேர்ந்தது. ‘முதஜ்ஜன்’ என்ற அரபுச் சொல்லே அப்பெயரின் மூலம். இவை முஸ்லிம்கள் கொண்டுசென்றவை அல்ல. அவர்களை வென்றவர்கள் கொண்டுசென்றவை.

இனிப் பயணத் திட்டத்திற்கு வருவோம். மே முதல் செப்டம்பர் வரை அங்கு மழை குறைவு. நம் நாட்டுக் கோடை விடுமுறையின் இறுதி அதனோடு பொருந்தும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தவிர்ப்பதே அறிவு. 2010 ஜனவரியில் வெள்ளம் இருப்புப்பாதையை அரித்துவிட, ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டர்களில் மீட்க நேர்ந்தது. குஸ்கோவின் உயரம் ஏறத்தாழ 3,400 மீட்டர். கடலோர லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் அங்கு இறங்குவோருக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் வருவது இயல்பு. இதயம், நுரையீரல் நோயுள்ளோர் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். வரலாற்றின் வரிசைப்படி குஸ்கோவை முதலில் பார்க்க வேண்டும் என்றாலும், உடலின் வரிசை வேறு. இறங்கியதும் நேரே, ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒல்லந்தாய்தம்போவுக்குச் சென்று இரண்டு நாள் தங்குவது நலம். அவ்வூரின் இன்காத் தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அங்கிருந்து ரயிலில் ஆற்றோரமாகச் சென்று அகுவாஸ் கலியெந்தெஸ் என்னும் அடிவார ஊரை அடையலாம். மேலே செல்லப் பேருந்து உண்டு.

நுழைவுச் சீட்டில் நாளும் நேரமும் நடைபாதையும் குறிக்கப்பட்டிருக்கும். 2024-இல் அறிவித்த ஏற்பாட்டின்படி நாளொன்றுக்கு 4,500 பேரும், சில குறிப்பிட்ட நாள்களில் 5,600 பேரும் அனுமதிக்கப்படுகின்றனர். ஏறத்தாழ 750 பேர் வாழ்வதற்காகக் கட்டிய இடம் அது என்பதை எண்ணினால் இக்கட்டுப்பாடு போதுமா என்ற ஐயமே எழுகிறது. பல மாதங்களுக்கு முன்னரே சீட்டைப் பதிந்துவிட வேண்டும். நான்கு நாள் நடந்து செல்லும் இன்காப் பாதையில் சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளைக்கு 500 பேருக்கே இடம். பிப்ரவரியில் அப்பாதை மூடப்படும். துபாக் இன்கா யுபாங்கியின் மாளிகை நிலமாயிருந்த சின்செரோவில் புதிய விமான நிலையப் பணி 2019-இல் தொடங்கியபோது, வரலாற்றறிஞர் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களின் அச்சம் நியாயமானதே.

உணவில் சிரமமில்லை, உருளைக்கிழங்கும் சோளமும் கினோவாவும் ஆற்று மீனும் எங்கும் கிடைக்கும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘சிச்சா’ என்ற ஒரே பெயரில் இரு பானங்கள் உண்டு. ஊதாநிறச் சோளத்தை வேகவைத்து இறுத்த ‘சிச்சா மொராதா’ புளிக்காத இனிப்பு நீர்; ‘சிச்சா தெ ஹோரா’ புளிக்கவைத்த மது. முழுப் பெயரையும் கேட்டுப் பருகுவது நமக்கு நல்லது.

மலையிலிருந்து திரும்பியபின், மூச்சு சீரான நிலையில், குஸ்கோவில் மூன்று நாள்களேனும் ஒதுக்க வேண்டும்: கொரிகாஞ்சாவுக்கு ஒரு நாள், காசா கொஞ்சாவுக்கு ஒரு நாள், எல் திரியுன்போவுக்கு ஒரு காலைப்பொழுது. சந்தியாகுவின் நினைவாக எழுந்த அந்த ஆலயத்தின் நிலவறையில்தான், 1978-இல் குர்துபாவிலிருந்து ஸ்பானிய மன்னர் கொணர்ந்து ஒப்படைத்த கார்சிலாசோவின் எச்சங்களில் ஒரு பகுதி வைக்கப்பட்டுள்ளது. மறு பகுதி குர்துபாவிலேயே உள்ளது. லிமாவிலிருந்து மத்ரிதுக்கு நேரடி விமானங்கள் உண்டு. மத்ரிதிலிருந்து குர்துபாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்திற்கும் குறைவான தூரமே. ஊர் திரும்பும் வழியில் இரண்டு நாள்களை அதற்கும் சேர்த்தே திட்டமிடலாம்.