ஆகாயத்தில் ஒரு கைமாற்று

பௌர்ணமி அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறீர்களா? செஞ்சிப் பக்கமிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பஸ் ஒவ்வொன்றும் கிரிவலக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டு வரும். படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அதே நேரம், அங்கே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ரெண்டு பேர். அவ்வளவுதான். டீசல் என்னவோ ரெண்டு பக்கமும் ஒன்றுதான்.

காலி சீட்டைப் போலச் சீக்கிரம் அழுகுகிற சரக்கு உலகத்தில் கிடையாது. தக்காளியைக்கூட நாளைக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். இன்றைக்குக் காலியாக ஓடிய சீட்டை நாளைக்கு விற்க முடியாது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால், விமானக் கம்பெனிகள் கொடுக்கிற மைல், பாயின்ட், 'உடன் வருபவருக்கு இலவசம்' எல்லாமே பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதியைக் கேட்டவர் கீழ்பென்னாத்தூர் நண்பர் ஒருவர். மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். (சென்னைவாசிகளுக்காக: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.) ஒரு விமானக் கம்பெனியின் பெயர் போட்ட கிரெடிட் கார்டை யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று வருஷமாக இன்ஷூரன்ஸ், பையனின் காலேஜ் ஃபீஸ், பண்டிகைத் துணிமணி எல்லாவற்றுக்கும் அதையே தேய்த்திருக்கிறார். லாரிக்கு டீசலும்தான். அதற்கு மட்டும் பாயின்ட் ஏறவில்லை என்று கோபம். பல கார்டுகளில் பெட்ரோல், டீசலுக்குப் பாயின்ட் கிடையாது என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நாம் எங்கே படிக்கிறோம்!

"சார், இருபத்தி ரெண்டாயிரம் பாயின்ட் சேர்ந்திருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் சேர்த்தா சிங்கப்பூரே போயிடலாம்கறாங்க. இது காசா சார், இல்ல வெறும் நம்பரா?"

நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டில் எது இடது பக்கம், எது வலது பக்கம் என்பது மறக்காமல் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்சம் பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

1978 வரை அமெரிக்காவில் எந்த ஊருக்கு எவ்வளவு கட்டணம் என்பதை அரசாங்க வாரியம் ஒன்றுதான் முடிவு செய்தது. எல்லா விமானத்திலும் ஒரே விலை. அந்த வருஷம் அக்டோபரில் சட்டம் மாறியது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம், எந்த விலைக்கும் விற்கலாம். அவ்வளவுதான், அடிதடி ஆரம்பம். நேற்றுவரை நம் விமானத்தில் வந்தவர் இன்றைக்குப் பத்து டாலர் குறைவு என்று பக்கத்துக் கவுன்ட்டருக்குப் போகிறார். அவரை எப்படிக் கட்டிப்போடுவது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியிடம் சேபர் என்ற முன்பதிவுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரே டெலிபோன் நம்பர் எத்தனை தடவை வருகிறது என்று தேடினார்கள். அடிக்கடி வந்த நம்பர்காரர்களுக்கெல்லாம், அவர்கள் கேட்காமலேயே ஒரு கணக்கு திறந்தார்கள். பறக்கிற ஒவ்வொரு மைலுக்கும் ஒரு புள்ளி. 1981 மே 1-ம் தேதி, 'அட்வான்டேஜ்' என்ற பெயரில் அது தொடங்கியது. போட்டிக் கம்பெனியான யுனைடெட், சில நாட்களுக்குள்ளேயே தன் பங்குக்கு ஒன்றை அறிவித்தது.

யோசனை புதிதல்ல. மளிகைக்கடையில் சாமான் வாங்கினால் பச்சை ஸ்டாம்ப் கொடுப்பது, அதை நோட்டில் ஒட்டிக் கொண்டுபோனால் பாத்திரம் கொடுப்பது என்பதெல்லாம் அங்கே 1896-லேயே வந்துவிட்டது. ஸ்டாம்ப்புக்குப் பதில் மைல், பாத்திரத்துக்குப் பதில் காலி சீட்.

அதே 1981-ல் அதே கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. வட்டி விகிதம் உச்சத்தில் இருந்த நேரம். கையில் ரொக்கம் வேண்டும். இரண்டரை லட்சம் டாலர் ஒரே தவணையில் கொடுத்தால் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் இஷ்டத்துக்குப் பறக்கலாம் என்று ஒரு பாஸ் விற்றார்கள். சிகாகோவில் ஸ்டீவ் ராத்ஸ்டீன் என்ற முதலீட்டு வங்கியாளர் 1987-ல் அதை வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து இன்னும் ஒன்றரை லட்சம் கொடுத்து, 'துணைக்கு ஒருவர்' பாஸையும் சேர்த்துக்கொண்டார்.

மனுஷர் பிரமாதமாகப் பறந்தார். ஒரு கோடி மைல்களுக்கு மேல்! வெறும் சாண்ட்விச் சாப்பிட இன்னொரு ஊருக்குப் போய் வருவாராம். துணை சீட்டில் மனைவி மக்கள் மட்டுமா? விமான நிலையத்தில் ஊருக்குப் போக வழியில்லாமல் நின்ற முன்பின் தெரியாதவர்களையும் கூட்டிப் போயிருக்கிறார். யாரும் கிடைக்காவிட்டால் பையை வைத்துக்கொள்ள ஒரு சீட். பயணியின் பெயர் 'பேக் ராத்ஸ்டீன்'.

கம்பெனிக்காரர்கள் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இந்த ஒரு ஆளால் ஏற்பட்ட செலவு 2 கோடி டாலருக்கு மேல் என்று வந்தது. 2008 டிசம்பரில், சிகாகோ விமான நிலையத்தில் போர்டிங்குக்கு நின்றவரிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். போலிப் பெயரில் சீட் போட்டது மோசடி, பாஸ் ரத்து. வழக்கு கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. அந்தப் பாஸ் பயணியின் வசதிக்காகப் பிறந்ததல்ல. கம்பெனிக்குப் பணமுடை. பயணியிடம் கடன் வாங்கியது. கடனைச் சீட்டாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது. திருப்பிக் கொடுக்கக் கொடுக்க வலித்தது.

கிரெடிட் கார்டு இந்த விளையாட்டுக்குள் வந்தது எண்பதுகளின் நடுவில். 1987-ல் அமெரிக்கனும் சிட்டிபேங்க்கும் சேர்ந்து கார்டு போட்டன. அதுவரை பறந்தால்தான் மைல். இனிமேல் பல் டாக்டருக்குப் பணம் கட்டினாலும் மைல். வங்கி அந்த மைல்களை விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே ரொக்கம் கொடுத்து வாங்குகிறது. வங்கிக்கு ஏது காசு? நீங்கள் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரரிடமிருந்து ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கழித்துக்கொள்கிறார்களே, அதிலிருந்துதான். கடைக்காரர் அதை விலையில் ஏற்றிவிடுகிறார். ஆக, ரொக்கம் கொடுத்து வாங்குகிற கிழவியும் உங்கள் சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு நாலணா போடுகிறாள்.

இன்று டீக்கடை வரைக்கும் போனில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கிறோம். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிற அந்த யுபிஐ பணத்துக்கு ஏன் மைல் வருவதில்லை? 2020 ஜனவரியிலிருந்து அதற்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கமிஷன் இல்லை, அதனால் மைலும் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். 1953-ல் விமானக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. உள்நாட்டில் பறக்க இந்தியன் ஏர்லைன்ஸை விட்டால் வேறு நாதி கிடையாது. டிக்கெட் கிடைத்ததே பரிசு, இதில் புள்ளி வேறா! தொண்ணூறுகளில் கதவு திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், நம்ம சென்னை என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தார்கள். வந்த வேகத்தில் போனார்கள். 1993 மே மாதம் பறக்க ஆரம்பித்த ஜெட் ஏர்வேஸ் நிலைத்தது. ஜெட் பிரிவிலேஜ் ஒரு பக்கம், அரசு விமானங்களின் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் இன்னொரு பக்கம் என்று மைல் கணக்குகள் வந்தன. 'ஒரு டிக்கெட் வாங்கினால் உடன் வருபவருக்கு இலவசம்' என்ற விளம்பரமும் வந்தது. தி.நகர் ஆடித் தள்ளுபடி ஆகாயத்துக்கு ஏறியது.

இந்த இலவசத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, டிக்கெட் 9,000, வரி முதலானவை 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 10,500. இலவசமாக வரும் உங்கள் மனைவிக்கு வரி மட்டும் 1,500. மொத்தம் 12,000. அதே விமானத்தில் ஒரு மாதம் முன்னால் சாதாரணமாகப் போட்டால் ஆளுக்கு 5,500, இரண்டு பேருக்கு 11,000. இலவசத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல்!

எப்போதுமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் கார்டில் வருஷக் கட்டணம் கட்டி, குறிப்பிட்ட தொகைக்குச் செலவும் செய்தவர்களுக்கு, கூட வருபவர் 99 டாலரும் வரியும் கொடுத்தால் போதும் என்று ஒரு கூப்பன் கொடுத்தார்கள். முதல் டிக்கெட் எவ்வளவு விலையோ அவ்வளவுக்கு லாபம். கிறிஸ்துமஸ் நேரத்தில், விலை உச்சியில் இருக்கும்போது அதை உபயோகித்தவர் கெட்டிக்காரர். மலிவு டிக்கெட்டில் உபயோகித்தவர் கூப்பனை வீணடித்தவர்.

2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்து ஆட்டத்தையே மாற்றியது. பாயின்ட்டும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம், விலையைக் குறை. ஒரு ரூபாய் டிக்கெட்கூட விற்றார். 2006-ல் வந்த இண்டிகோவும் ரொம்ப வருஷம் மைல் பக்கமே தலைவைக்கவில்லை. நாட்டிலேயே பெரிய கம்பெனியாகி, 2024-ல்தான் சொந்தமாக ஒரு பாயின்ட் திட்டத்தை அறிவித்தது.

மைல் சேர்த்தவர்கள் என்ன ஆனார்கள்? 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையிறங்கியது. அதன் கிங் கிளப் கணக்கில் மைல்களைக் குவித்து வைத்திருந்தவர்கள் பறக்க விமானம் இல்லாமல் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் நின்றது. ஆனால் ஜெட் பிரிவிலேஜ் நிற்கவில்லை! காரணம், 2014-லேயே அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, பெரும்பான்மைப் பங்கை அபுதாபியின் எத்திஹாட் வாங்கியிருந்தது. தாய் போன பிறகும் பிள்ளை பிழைத்தது. அதே வருஷம் நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்தபோது அதன் புள்ளிகளும் ஏர் இந்தியா கணக்குக்குப் போயின. ஆக, மூன்று கம்பெனி, மூன்று விதி. இதில் பயணியின் சாமர்த்தியம் எங்கேயும் இல்லை.

கொரோனா காலத்தில்தான் இந்தப் புள்ளிகளின் நிஜ உருவம் வெளியே தெரிந்தது. 2020-ல் விமானங்கள் தரையில் நிற்க, யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த நேரத்தில் மொத்தக் கம்பெனியின் பங்குச் சந்தை மதிப்பே அதைவிட ரொம்பக் குறைவு. அடுத்த வருஷம் அமெரிக்கன் 1,000 கோடி டாலர் திரட்டியதும் இதே வழியில்தான். விமானம் ஓட்டுவதைவிட மைல் விற்பது பெரிய வியாபாரமாகிவிட்டது.

இதெல்லாவற்றையும் மண்டியில் உட்கார்ந்து நண்பருக்குச் சொன்னேன். கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் இருபத்தி ரெண்டாயிரம் எங்கே இருக்கும் தெரியுமா? கொடுக்க வேண்டிய பாக்கிப் பக்கத்தில்.

அவர் தராசைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அறுவடைக்கு முன்னால் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கொடுத்துப் பழகியவர். "அப்ப நான்தான் பிளேன்காரனுக்குக் கடன் குடுத்திருக்கேனா?"

"ஆமாம். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை பாயின்ட் என்பதை அவனே மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்குப் பத்தாயிரம், அடுத்த வருஷம் பதினைந்தாயிரம்."

"என்கிட்ட எவனாவது இப்படிக் கடன் கேட்டு வந்தா தொரத்திடுவேன் சார்."

கார்டு பில்லை மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறாரா என்று விசாரித்தேன். கட்டுகிறாராம். நல்லவேளை. கட்டாமல் பாக்கி வைத்தால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டும். ஒரு சதவீத மைலுக்கு ஆசைப்பட்டு நாற்பது சதவீத வட்டி கட்டுகிறவர்களை நம்பித்தான் பல கார்டுகள் ஓடுகின்றன. அடுத்து, பாயின்ட்டின் விலையைக் கண்டுபிடிக்கிற கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். ரொக்கத்தில் டிக்கெட் விலை எவ்வளவோ, அதிலிருந்து இலவச டிக்கெட்டுக்கும் கட்டவேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை, கேட்கிற பாயின்ட்டால் வகுங்கள். அவருக்கு ஒரு பாயின்ட் 42 காசு வந்தது. மோசமில்லை.

நானும் ஒரு காலத்தில் வேறொரு கம்பெனியில் மைல் சேர்த்து, பெரிய பயணத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைத்து, காலாவதித் தேதி தாண்டிய பிறகு கணக்கைத் திறந்து பார்த்தவன். அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நண்பருக்கு டெல்லியில் மகள். ஏழாவது மாதம். மனைவி அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. சிங்கப்பூரை விட்டுவிட்டு, இரண்டு டெல்லி டிக்கெட் போட்டார்கள். பின்னிரவில் கிளம்பி செஞ்சி, திண்டிவனம் வழியாகக் காரில் சென்னை. காலை ஏழு மணிக்கு மீனம்பாக்கத்திலிருந்து போன்.

"ஜன்னல் சீட்டு அவங்களுக்குத்தான் சார். பாயின்ட்ல இன்னும் எண்ணூத்திச் சொச்சம் மிச்சம் இருக்கு. அது கெடக்கட்டும். ஃப்ரீ டிக்கெட்டுன்னீங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டாயிரத்து முந்நூறு வரி புடிச்சிட்டான்... ஹலோ, சார்? பஸ்ஸுக்கு... இல்ல, பிளேனுக்குக் கூப்புடறாங்க. வெச்சிடறேன்."