பன்னிரண்டு வருஷத்து வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் பணம் வேண்டும் என்பது உலகமறிந்த சங்கதி. கிழக்கு ஜெர்மனியில் பணம் மட்டும் போதாது. ஆயுளும் கெட்டியாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியதும் பையனோ பெண்ணோ போய்க் காருக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்புறம் படிப்பு, உத்தியோகம், கல்யாணம், குழந்தை எல்லாம் அதனதன் காலத்தில் நடந்துகொண்டிருக்கும். பத்து வருஷமோ, பன்னிரண்டு வருஷமோ, சில இடங்களில் அதற்கு மேலுமோ கழித்து ஒரு நாள் தபாலில் கார்டு வரும், உங்கள் முறை வந்துவிட்டது என்று. குறிஞ்சி பூப்பதற்கும் இவ்வளவு காலம்தான்.

வண்டியின் பெயர் டிராபண்ட். செல்லமாக டிராபி. குழந்தையிடம் பலப்பத்தைக் கொடுத்து ஒரு கார் வரையச் சொன்னால் என்ன வரையுமோ, அதுதான் அதன் உருவம். ஒரு பெரிய பெட்டி. அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி. முன்னால் இரண்டு வட்ட விளக்குகள். நீளம் மூன்றரை மீட்டர், எடை அறுநூற்றுச் சொச்சம் கிலோ. நாலு பேர் கொண்ட குடும்பம் அதில் ஏறிக்கொண்டு, மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, தேசம் தாண்டித் தேசம் போயிருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, மனிதனுக்கு முழங்கால்களை மடக்கிக்கொள்ளும் சக்தியை ஆண்டவன் காரணத்தோடுதான் கொடுத்திருக்கிறான் என்று தோன்றுகிறது.

இந்த வண்டி பிறந்த ஸ்விக்காவ் என்ற ஊர் லேசான ஊரல்ல. ஆகஸ்ட் ஹோர்ஹ் என்பவர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, 1904ல், அங்கே மோட்டார்த் தொழிற்சாலை வைத்தார். கூட்டாளிகளோடு மனஸ்தாபம் வந்து 1909ல் வெளியேறி, எதிர்க்கடை போட்டார். தன் பெயரையே புதுக் கம்பெனிக்கு வைக்கப் போனபோது கோர்ட் தடுத்துவிட்டது. 'ஹோர்ஹ்' என்றால் ஜெர்மன் மொழியில் 'கேள்' என்று அர்த்தம். நண்பர் வீட்டில் லத்தீன் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், அதையே லத்தீனில் 'ஆடி' என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டானாம். ஆடி கார் அப்படித்தான் பிறந்தது. பெரிய மனிதர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காரியத்தைப் பள்ளிக்கூடத்துப் பையன் தீர்த்துவைத்தான் என்பதனால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அதே ஊரில் 1931ல் டி.கே.டபிள்யூ. என்ற சின்னக் கார் வந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்து, முன் சக்கரங்களைச் சுழற்றும். டிராபிக்கு அதுவே பாட்டனார்.

யுத்தம் முடிந்தது. ஊர் ருஷ்யர்களின் கைக்குப் போயிற்று. யந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றி ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஆடியின் நான்கு வளையங்களும் மேற்கே குடிபெயர்ந்துவிட்டன. ஸ்விக்காவில் மிஞ்சியவை கட்டடங்களும் கை தேர்ந்த தொழிலாளர்களும்தான். கார் செய்யத் தெரியும். ஆனால் தகடு இல்லை. இரும்பு விளையும் ரூர் பிரதேசம் மேற்கு ஜெர்மனியில் இருந்தது. மேல்நாட்டார் மெல்லிய எஃகுத் தகட்டை விற்கவும் தயாராயில்லை. ருஷ்யாவிலிருந்து வரும் பஞ்சுக் கழிவை அடுக்கடுக்காக வைத்து, பீனால் பிசினைச் சேர்த்து, சூட்டில் வைத்து அழுத்தினார்கள். கெட்டியான ஒரு பலகை கிடைத்தது. அதற்கு டூரோபிளாஸ்ட் என்று பெயர். உள்ளே எஃகுக் கூடு, மேலே பஞ்சுத் தோல். இது துரு ஏறாது, உருக்கவும் முடியாது. ஜனங்கள் இதை 'பந்தய அட்டை' என்று கேலி செய்தார்கள். அட்டையல்ல என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் கேலி என்பது ரசாயன சாஸ்திரம் பார்த்து வருவதில்லையே!

1957 அக்டோபரில் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை வானத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே ஸ்விக்காவில் புது வண்டி தலைகாட்டியது. டிராபண்ட் என்றால் துணைவன், உபகிரகம் என்று பொருள். அன்றைய நிலையில் அந்த வண்டி ஒன்றும் பின்தங்கியதல்ல. ஆங்கிலேயர்களின் புகழ்பெற்ற மினி கார் குறுக்கு எஞ்சினோடு 1959ல்தான் வந்தது. 1964ல் 601 என்ற ரகம் வந்தது. பெட்டி உருவம் அதனுடையதுதான். 600 சி.சி.க்குச் சற்றுக் குறைந்த எஞ்சின், இரண்டு சிலிண்டர், பிற்பாடு 26 குதிரை சக்தி. அதற்கப்புறம் உலகத்தில் என்னென்னவோ மாறின; 601 மாறவில்லை. ஸ்விக்காவ் எஞ்சினீயர்கள் சும்மா இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. புதுப்புது மாதிரிகளைச் செய்து சர்க்காரின் முன் கொண்டுபோய் வைத்தார்கள். 1968ல் ஒன்று நிறுத்தப்பட்டது. செக் நாட்டோடு சேர்ந்து போட்ட திட்டம் 1979ல் கைவிடப்பட்டது. வாங்குகிறவர்கள் வாசலில் பன்னிரண்டு வருஷம் வரிசையில் நிற்கும்போது சரக்கை மாற்றுவானேன் என்று மேலிடத்தில் தோன்றியிருக்க வேண்டும். அந்த மேலிடத்துத் தலைவர்களோ சுவீடன் தேசத்து வோல்வோ கார்களில் பவனி வந்தார்கள்.

பெர்லினில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் பழைய டிராபி ஒன்றில் நான் அரை மணி நேரம் போயிருக்கிறேன். கியர்க் கோல் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கிளப்பியதும் பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் இரண்டு சேர்ந்து இருமுவது போல ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளைத் தேடினேன், காணோம். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு மேலேயே வைத்திருக்கும் டாங்கியில் கோலை விட்டுப் பார்க்க வேண்டுமாம். மோர்ப் பானையில் கரண்டியை விட்டுப் பார்க்கிற மாதிரி! டாங்கி உயரத்தில் இருப்பதனால் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும், பம்ப் வேண்டியதில்லை. தீர்ந்துபோனால் காலருகே உள்ள குழாயைத் திருப்பினால் கொஞ்சம் சேமிப்பு கிடைக்கும். பெட்ரோலோடு எண்ணெயையும் கலக்க வேண்டும், முன்பெல்லாம் முப்பத்து மூன்றுக்கு ஒன்று, பிறகு ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில்.

உதிரிப் பாகம் கிடைப்பதும் வண்டி கிடைப்பதைப் போலத்தான். ஆகவே சொந்தக்காரர் எல்லோரும் மெக்கானிக் ஆனார்கள். ரிப்பேர் செய்வதற்கென்றே 'எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது?' என்ற தலைப்பில் புஸ்தகங்கள் வந்தன. அந்தத் தேசத்தைப் பற்றி எழுதும் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

விலை விஷயத்தைச் சொன்னால் பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தலை சுற்றும். கடைசிக் காலத்தில் புது வண்டி பன்னிரண்டாயிரம் மார்க்குக்கு மேல். சாதாரண உத்தியோகஸ்தரின் ஒரு வருஷச் சம்பளத்துக்குச் சமம். ஆனால் ஓடித் தேய்ந்த பழைய வண்டிக்கு அதைவிட அதிக விலை. பழையதை இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாமல்லவா? காத்திருக்கும் காலத்துக்குத்தான் அந்த விலை. இதனால் குடும்பங்களில் ஒரு தந்திரம் தோன்றியது. கார் ஓட்டவே தெரியாத பாட்டியின் பெயரையும் பதிந்துவைத்தார்கள். மேற்கு ஜெர்மனியில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் இன்னொரு வழி உண்டு. அவர்கள் மேற்கத்திப் பணத்தைக் கட்டினால், ஜெனெக்ஸ் என்ற ஸ்தாபனத்தின் மூலம் சில வாரங்களிலேயே வண்டி வாசலுக்கு வந்துவிடும். எல்லோரும் சமம் என்று பிரசங்கம் செய்த ராஜ்யத்தில், எதிரி நாட்டு உறவினர் உள்ளவன் பன்னிரண்டு வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் முகம்தான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

ஆயினும் வாங்கியவர்கள் அதை வெறுத்தார்கள் என்று நினைப்பது தவறு. கூரை மேல் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஹங்கேரியில் உள்ள பலாட்டோன் ஏரிக்குப் போவார்கள். சுவர் எழுப்பிப் பிரிக்கப்பட்ட அண்ணன் தம்பிகள் அந்த ஏரிக்கரையில் கோடை விடுமுறையில் சந்தித்துக்கொள்ளலாம். இரண்டு தரப்பாருக்கும் அங்கே அனுமதி உண்டு. ஒருவன் போல்க்ஸ்வாகனில் வருவான், மற்றவன் டிராபியில் வருவான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். யாரும் எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

1989ல் கோடை விடுமுறைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஆஸ்திரிய எல்லையில் ஒரு கதவு சிறிது நேரம் திறந்தது; செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி எல்லையையே திறந்துவிட்டது. பிராக் நகரத்திலோ ஆயிரக்கணக்கானவர்கள் மேற்கு ஜெர்மன் தூதராலயத்தின் இரும்பு வேலியில் ஏறிக் குதித்து, தோட்டத்துச் சேற்றில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். செப்டம்பர் 30 இரவு வெளிநாட்டு மந்திரி கென்ஷர் மாடியில் வந்து நின்று, நீங்கள் போகலாம் என்று அறிவித்தார். ரயிலில் போய்விட்டார்கள். சுற்றுப்புறத் தெருக்களில் டிராபிகள் அனாதைகளாக நின்றன. சிலவற்றில் சாவியும் அப்படியே இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்துத் துடைத்து வைத்த வண்டி! கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்களா, பார்த்துவிட்டு நடந்தார்களா? 1990ல் டேவிட் செர்னி என்ற செக் சிற்பி, டிராபிக்குச் சக்கரத்துக்குப் பதிலாக நாலு மனிதக் கால்களை வைத்து நிறுத்தினார். அதன் பிரதி அந்தத் தூதராலயத் தோட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தபோது டிராபிகள் வரிசை வரிசையாக மேற்கே போயின. அடுத்த கோடையில் இரண்டு தேசத்துக்கும் ஒரே நாணயம் வந்ததும், ஜனங்கள் மேற்கத்திய பழைய கார்களின் மேல் விழுந்தார்கள். கார்டுக்காகக் காத்திருந்தவர்கள் பதிவை ரத்து செய்தார்கள். போல்க்ஸ்வாகன் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தும் பலனில்லை. 1991 ஏப்ரல் 30 அன்று ஸ்விக்காவில் கடைசி டிராபி வெளியே வந்தது. மொத்தம் முப்பது லட்சத்துக்கு மேல்.

ஜெர்மன் சாலைகளில் இன்னும் பல்லாயிரம் டிராபிகள் பதிவில் இருக்கின்றன. சொந்தக்காரர்களில் பலர் அந்த வரிசையில் நின்றிராத இளைஞர்கள். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கலவை கிடைப்பதில்லையாதலால், எண்ணெய் டப்பாவை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து, தாங்களே அளந்து ஊற்றுகிறார்கள்.